ஐந்தாவது முகம்

என்னை எங்கள் கம்பெனியில் ரேடியோ என்பார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனாலும் எனக்குத் தெரியும். டைம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்க முடியுமா? நூற்று நாற்பது பேரின் வருகை, தாமதம், லீவு எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பேர் வைத்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்து என்னத்தைச் சாதிக்கப் போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொருத்தியின் பேர் கத்திரி. எங்களுடையது பை தைக்கும் கம்பெனி. தைத்து முடித்த ஒவ்வொரு பையையும் கையில் எடுத்து, ஜிப்பை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டி அனுப்புவது அவள் வேலை. அதற்கான சின்னக் கத்திரி எந்நேரமும் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். வீட்டுக்குப் போகும்போதுகூடச் சில நாள் கழற்ற மறந்துவிடுவாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். அந்த அக்காவை நம்பித்தான் நான் ஏமாந்து போனேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் இரண்டு பேர் வீடும் ஒரே பகுதியில்தான். கம்பெனி வேன் தண்ணீர்த் தொட்டி முனைக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வேன் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது வாயைப் பொத்திக்கொண்டு "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று இறங்கிவிட்டாள். வேனில் வந்தால் வாந்தி வருகிறதாம். மறுநாளிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். கால்வாய்க் கரையோரமாக நாற்பது நிமிஷ நடை.

எனக்கு மனசு கேட்கவில்லை. வேனில் டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓர சீட் என்னுடையது. ஒன்பது வருஷமாக வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. நான் லீவு போட்டால்கூட அது காலியாகத்தான் வரும். அந்த சீட்டை விட்டுவிட்டு அவளிடம் போனேன்.

"நாளையிலேர்ந்து நானும் உன்கூட நடக்கறேன்டி."

"அய்யோ, வேணாங்க்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுல என்ன சிரமம்?"

"நிஜமாவே வேணாங்க்கா. நான் தனியா வந்துப்பேன்."

"சும்மா இரு. தனியா வர்றாளாம், தனியா."

மூன்று தடவை வேண்டாம் என்றாள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாளே, எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. யார்தான் முதல் தடவையிலேயே சரி என்று சொல்கிறார்கள்? ஒரு வாய் காபி கொடுத்தால்கூட வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வாங்குகிறோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஆறு வருஷம். காலையில் நாற்பது நிமிஷம், சாயங்காலம் நாற்பது நிமிஷம். மழைக்கு ஒரே குடையில் போயிருக்கிறோம். என் செருப்பு அறுந்தபோது அவள் கத்திரியை வைத்துத்தான் வாரில் துளை போட்டு மாட்டினோம். வழி முழுக்க நான் பேசுவேன். ஆமாம், நான்தான் பேசுவேன். வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. பையன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டுக்காரருக்குப் போன் இருந்தால் போதும், நான் ஒருத்தி குறுக்கே நடப்பதே தெரியாது. ராத்திரியெல்லாம் மனசில் கிடந்ததைக் காலையில் கால்வாய்க் கரையில் அவளிடம் கொட்டினால்தான் எனக்கு மூச்சு வரும். கம்பெனிக் கேட்டுக்குள் நுழையும்போது காற்று மாதிரி லேசாக இருப்பேன். அந்த நடை இல்லாவிட்டால் என் நாளில் வேறு எதுவும் இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

போன மாதம் மேனேஜர் ஒரு யோசனையோடு வந்தார். எதில் பயணம் செய்து வருகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு மனநிலையும், மனநிலையைப் பொறுத்துத்தான் வேலையும் என்று தலைமை ஆபீசில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அதனால் இரண்டு வாரத்துக்குத் தினமும் ஆளுக்கு ஒரு சீட்டு. வேன், பஸ், வண்டி, சைக்கிள், நடந்து என்று ஐந்து கட்டம். அதற்குக் கீழே ஐந்து முகம். முதல் முகம் அழும். இரண்டாவது உம்மென்று இருக்கும். மூன்றாவதற்கு வாய் ஒரு நேர்கோடு. நான்காவது லேசாகச் சிரிக்கும். ஐந்தாவதற்கு வாய் காதுவரை போகும். வந்து சேர்ந்ததும் எப்படி வந்தோம் என்று டிக் அடித்து, மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு முகத்தை வட்டமிட்டு, தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுத அடியில் ஒரு வரி இடம். பேர் வேண்டாம்.

சீட்டில் தேதி முத்திரை குத்துவதும், சனிக்கிழமை பெட்டியைத் திறந்து கூட்டி எழுதுவதும் என் தலையில் விழுந்தது. நானே முதல் நாள் ஐந்தாவது முகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வட்டமிட்டுத்தான் பெட்டியில் போட்டேன்.

அந்த வாரம் புதனும் வியாழனும் நான் லீவு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பாவம், தனியாக நடந்து போவாளே என்று அந்த வலியிலும் அவளைத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தேன். வேன் ஒரு கட்டு, பஸ் ஒரு கட்டு என்று பிரித்தேன். நடந்து வருகிறவர்கள் கம்பெனி முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். அந்தக் கட்டில் பத்துச் சீட்டு இருந்தது. நாலு என்னுடையது, நாலும் ஐந்தாவது முகம். மிச்சம் ஆறு.

திங்கள், முதல் முகம். செவ்வாய், இரண்டாவது முகம். வெள்ளி, முதல் முகம். சனி, முதல் முகம்.

அடிப் பாவி, மாமியாருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை போலிருக்கிறதே, என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் முதலில் பதறினேன். அவள் மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பிறகு புதனையும் வியாழனையும் பார்த்தேன். இரண்டும் ஐந்தாவது முகம். வியாழக்கிழமைச் சீட்டின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி. "இன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு."

பல் பிடுங்கிய இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திங்கட்கிழமையே வாரம் முழுவதுக்கும் முத்திரை குத்தி வைத்தது நான்தான், தப்பாக இருக்க வழியில்லை. நான் கூட வந்த நாளெல்லாம் அழுகை. நான் வராத இரண்டு நாளும் வாய் காதுவரை. அன்று சாயங்காலம் வேலை இருக்கிறது என்று சொல்லி அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்று உடனே போய்விட்டாள். முன்பெல்லாம் அந்த "சரிக்கா"வில் இருந்த வேகத்தை நான் கவனித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, நான் ரொம்பப் பேசறேனா?"

"ம்ம்."

"என்ன ம்ம்?"

"என்ன கேட்ட?" என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவரிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு முடிவோடு கிளம்பினேன். தொட்டி முனையில் அவள் நின்றிருந்தாள். எப்போதும்போல் நடந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்க்கா பேசலை என்று கேட்பாள், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பால் பூத் போனது, பள்ளிக்கூடத்துச் சுவர் போனது, பெட்ரோல் பங்க் போனது. பாலத்துக்குப் பக்கத்தில்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பல் இன்னும் வலிக்குதாக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். "அப்போ பேசாதீங்க, காத்து பட்டா இன்னும் வலிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு பாலத்துக் கைப்பிடியில் கையைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை வந்து நின்றது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தேன்.

சனிக்கிழமைதான் திறக்க வேண்டும். ஆனால் அந்தத் திங்கள் மதியமே பெட்டியைத் திறந்தேன். செய்யக் கூடாதுதான், செய்தேன். திங்கட்கிழமை, நடந்து, நான்காவது முகம்.

பக்கத்தில் இருந்தது நானேதான். பேசவில்லை, அவ்வளவே. அதற்கே முதல் முகம் நான்காவது முகமாகிவிட்டது. அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, கொஞ்சம் சும்மா வாங்களேன்" என்று ஒரே ஒரு நாள். சொல்லாமல் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, யாரோ கொடுத்த தாளில் போய் அழுது வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை தொட்டி முனையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நான் பேசலை. உனக்கு நாலாவது முகம். அப்படித்தானே?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கழுத்துக் கத்திரியைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"பேர் எழுத வேணாம்னு சொன்னாங்களேக்கா."

"நடந்து வர்றது ரெண்டே பேரு. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு, பக்கத்து ஊர்க்காரியா?"

"நீங்க பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்போ நான் பார்த்ததுதான் தப்பு. நீ எழுதினது தப்பில்ல."

அவள் நடக்க ஆரம்பித்தாள். நானும் கூடவே போனேன். விடுவேனா?

"வேன்ல வந்தா வாந்தி வரும்னு சொன்னியே, அதாவது நெஜமா?"

"இல்லக்கா" என்றாள்.

"இல்லையா?"

"தனியா நடக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். வீட்ல மூணு ரூம்ல எட்டுப் பேரு. அத்தை நாள் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. டிவி நிக்கவே நிக்காது. இங்க வந்தா அறுபது மெஷின். நடுவுல இந்த நாப்பது நிமிஷம்தான் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். அதுக்குத்தான்."

"அதுக்குள்ள நான் வந்துட்டேன்."

"வேணாம்னு சொன்னேன்ல. மூணு தடவை சொன்னேன்."

"வேணாம்னு எல்லாரும்தான்டி சொல்லுவாங்க! அதை வேணாம்னா எடுத்துக்குவாங்க?"

"அதுக்கப்புறம் எப்படிக்கா சொல்றது? உங்க சீட்டை விட்டுட்டு வந்தீங்க. பார்க்கறவங்ககிட்டயெல்லாம் இவளுக்காகத்தான் நடக்கறேன்னு சொன்னீங்க. எல்லாரும் எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு சொன்னாங்க. நான் எந்த வாயால வேணாம்னு சொல்றது?"

"ஆறு வருஷம்டி. என் வீட்டு விஷயம் பூரா உன்கிட்டதானே கொட்டினேன். ஒண்ணுகூடக் காதுல வாங்கலியா?"

அங்கேதான் அவள் நின்றாள்.

"எல்லாத்தையும் வாங்கினேன். அதான்க்கா கஷ்டம். உங்க வீட்டுக்காரர் பேசலைன்னு நீங்க சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே ஆபீசுக்குள்ள போயிடுவீங்க. நான் ஜிப்பை இழுத்துக்கிட்டு நாள் பூரா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பேன். உங்களுக்கு இறங்கிடும், எனக்கு ஏறிடும்."

நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நான் நம்பிச் சொன்னதையெல்லாம் இவள் சுமை என்று எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நெஞ்சில் குத்தினால் குத்துகிற கையாவது தெரியும். இவள் பக்கத்தில் நடந்துகொண்டே செய்திருக்கிறாள். "போ, நீ முன்னால போ" என்றேன். இந்தத் தடவை அவள் சரிக்கா என்று சொல்லவில்லை. ஆனால் போனாள்.

புதன்கிழமை பஸ்ஸில் போனேன். பஸ் இருபது நிமிஷம் தாமதம். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக என் பேருக்கு நேராக நானே லேட் என்று எழுதினேன்.

அன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார். முதல் வாரக் கணக்கு அவர் மேஜையில் விரித்துக் கிடந்தது.

"பாத்தீங்களாம்மா? வேன்ல வர்றவங்க, பஸ்ல வர்றவங்க யாருக்கும் இவ்வளவு மோசம் இல்ல. நடந்து வர்றவங்க பத்துச் சீட்டுல மூணு அழுகை, ஒரு உம். நூத்துக்கு நாப்பது! நடந்து வந்தா களைப்பு, களைப்பா இருந்தா மனசு கெடுது. தலைமை ஆபீஸ் சொன்னது சரியாத்தான் இருக்கு. வேன்ல இடமும் இருக்கு. அடுத்த வாரத்திலேர்ந்து ரெண்டு பேரும் கட்டாயம் வேன்ல வந்துடணும். சுற்றறிக்கை அடிச்சுடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாடி, வா. தனியாக நடக்கணுமா உனக்கு? டிரைவர் அண்ணன் ஸ்பீக்கரை அலறவிடுவார், அதற்குக் கீழே உட்கார்ந்து வா. நீ வட்டமிட்ட முகமே உன்னை வேனில் ஏற்றுகிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு ஒரு சுற்றறிக்கை அடித்தால் போதும்.

அப்புறம்தான் வேனில் காலியாக இருப்பது எந்த இடம் என்று யோசித்தேன். கடைசி வரிசையில் இரண்டு சீட், பக்கத்தில் பக்கத்தில். அவள் என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். எழுந்து போகவும் முடியாது. தினமும் அந்த முதல் முகம் என் தோளுக்குப் பக்கத்திலேயே வரும். இத்தனை நாள் தெரியாமல் பார்க்காமல் இருந்தேன். தெரிந்தபிறகு என்னால் அதைப் பார்க்க முடியாது. கருணை கிருணை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், இதுதான் காரணம்.

"சார், கணக்குல ஒரு விஷயம் இருக்கு."

"என்ன?"

"அந்த நாலும் ஒரே ஆளோட சீட்டு. தேதியைப் பாருங்க. கூட ஆள் வந்த நாள்ல மட்டும்தான் அப்படி. தனியா நடந்து வந்த ரெண்டு நாளும் அஞ்சாவது முகம். நடையில ஒண்ணும் இல்ல சார். கூட வர்ற ஆளாலதான்."

மேனேஜர் சீட்டுகளைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "ஓ, ரேடியோ..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா சார். நான்தான்."

"அப்போ என்ன பண்ணலாம்கறீங்க?"

"அந்தப் பொண்ணு நடந்தே வரட்டும். நான் வேன்ல வந்துடறேன்."

வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினேன். பதினைந்து வருஷ வேலையில் நான் எழுதிக் கொடுத்த எந்தக் கணக்கிலும் என்னை நானே இப்படிக் காட்டிக்கொடுத்ததில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. குழாயடியில் யாருக்குத் தெரியும்?

மறுநாள் வேன். என் பழைய சீட்டில் கட்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அக்கா, வாந்திக்காரி எங்கே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். ரேடியோவுக்கு என்ன ஆச்சு என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. தொட்டி முனைக்கு முந்தின நிறுத்தத்துக்கு நடந்து போய் ஏறியிருந்தேன். முனையில் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்ற பயம். உண்மையைச் சொன்னால், நிற்பாள் என்று ஒரு நப்பாசை. வேன் முனையில் திரும்பியபோது எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவள் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தாள்.

பாலத்தில் அவளைப் பிடித்தோம். வேன் அவளைத் தாண்டிப் போனது. நான் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தவர்கள் நாங்கள். நடக்கும்போது அவள் முகத்தை நேராக நான் பார்த்ததே இல்லை, காதையும் கன்னத்தையும்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல், தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அச்சடித்த அந்த ஐந்தாவது முகம் அப்படியே இருந்தது. என்னோடு வந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது அது வந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை இரண்டாவது வாரப் பெட்டியைத் திறந்து கூட்டி எழுதி, மேனேஜரிடம் கொண்டுபோய் வைத்தேன். நடந்து என்ற கட்டத்தில் புதனிலிருந்து தினமும் ஒரே சீட்டு, ஐந்தாவது முகம். அவருக்கு அதில் பரம திருப்தி. வேன் கட்டத்துக்கு வந்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"வேன்ல எல்லாரும் நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்தாங்க? இது என்ன, மூணு நாளா யாரோ ஒருத்தர் மட்டும் முதல் முகம் போட்டிருக்காங்க. யாரும்மா அது?"

"தெரியலை சார். பேர் எழுத வேணாம்னுதானே சொன்னோம்" என்றேன்.